அரிசி மாவும் தயிரும்

தேன்மொழி அக்காவின் கன்னத்தில் இருந்த பருத் தழும்பெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியாமல் இரண்டு மாதமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் என் கணவர் சுனிலின் அண்ணன் பெண்டாட்டி. இந்தக் குடும்பத்துக்கு நான் மருமகளாக வந்தபோது எங்கள் இருவர் கன்னமும் ஒரே மாதிரிதான் குண்டும் குழியுமாகக் கிடந்தது. அந்த ஒன்றில்தான் நாங்கள் சரிசமம். மற்றதெல்லாம் அவளுக்கு. திருப்பதியில் வேலை, கார், இப்போது அலிபிரி பக்கம் சொந்த வீடு. எனக்கு நகரியில் பழைய வீடும் மாமியாரும். போகட்டும் என்று விட்டிருந்தேன். கன்னத்திலும் அவள் என்னை விட்டுவிட்டு முன்னே போனதைத்தான் பொறுக்க முடியவில்லை.

வாய்விட்டே கேட்டேன்.

"இன்னாக்கா போட்டீங்க மூஞ்சிக்கு?"

"இன்னா போட்டேன்? அரிசி மாவும் தயிரும்தான்டி," என்று சிரித்தாள்.

என் மாமியார் செங்கம்மா அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். நானும் ஒரு மாதம் பூசிப் பார்த்தேன். வீட்டில் மோருக்குத் தயிர் இல்லாமல் போனதுதான் மிச்சம்.

அரிசி மாவு குழியை நிரப்புமா? போனில் தேடித் தேடிப் பார்த்து, இது லேசர்தான் என்று கண்டுபிடித்தேன். அவளுடைய புது வீட்டில் பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது. அன்றைக்கு அவளுக்குக் குறையாத முகத்தோடு அவள் பக்கத்தில் நான் நிற்க வேண்டும். அது எப்படி வந்தது என்று ஒருத்திக்கும் தெரியக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சென்னையில் ஓர் இடத்துக்குப் போன் செய்தேன். விலையைச் சொன்னதும் வைத்துவிட்டேன். சித்தூரில் ஒரு டாக்டரம்மா இருந்தார். அவரிடம் சொந்த மெஷின் கிடையாது, சனிக்கிழமைகளில் வேலூரிலிருந்து வாடகைக்கு வரும். ஒரு தடவைக்கு நாலாயிரம். அவர் என் கன்னத்தை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்ம நெறத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாத்தாம்மா பண்ணணும். மாசத்துக்கு ஒண்ணு, மூணு தடவ. ஒவ்வொரு தடவையும் பத்து நாள் வெயில்ல தலை காட்டக் கூடாது. வேற எங்கியாவது போனா, மெஷினை யாரு பிடிக்கிறாங்கன்னு கேட்டுக்கோ," என்றார். சுவரில் காரை பெயர்ந்திருந்தது. பெஞ்சில் சொறி சிரங்கோடு நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

திருப்பதியில் போன இடம் வேறு மாதிரி. கண்ணாடிக் கதவு, ஏசி, பூ வாசனை. ஒரு தடவைக்கு ஏழாயிரம், பூசுகிற மருந்து தனி. எத்தனை நாளில் சிவப்பு போகும் என்று கேட்டேன். "மூடு ரோஜுலு சாலு மேடம்," என்றாள் ரிசப்ஷனில் இருந்த பெண். மூன்றே நாளாம். மெஷினை யார் பிடிப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. தேன்மொழி இங்கேதான் வந்திருப்பாள் என்று கதவைத் தள்ளும்போதே தீர்மானித்துவிட்டேன். அந்த மகாராணி காரை பெயர்ந்த இடத்துக்கா போவாள்? அவள் போன இடத்துக்குத்தான் நானும் போவேன்.

பால் காய்ச்ச ஐந்து நாள் இருந்தபோது போய்ச் சுட்டுக்கொண்டேன். சுட்டுக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். துப்பட்டாவை முக்காடு போட்டு வீட்டுக்கு வந்து, பல்வலி என்று சொல்லி அறைக்குள் படுத்தேன். சுனிலுக்கு மட்டும் தெரியும். மூச்சு விட்டால் தொலைத்துவிடுவேன் என்று சத்தியம் வாங்கியிருந்தேன்.

மூன்றாம் நாள் கண்ணாடியைப் பார்த்தேன். முகம் அதிரசம் போல் உப்பிச் சிவந்திருந்தது, அதன்மேல் பொடிப்பொடியாய்ப் பழுப்புப் புள்ளிகள். அந்த நேரம் பார்த்து மாமியார் காபியோடு உள்ளே வந்தார். டம்ளரைக் கீழே வைத்தார். என்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார்.

"தாயே, கங்கம்மா! என் வூட்டுக்கே வந்துட்டியா!"

அம்மை போட்டிருக்கிறது என்று நினைத்துவிட்டார்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் லேசர் வெளியே வரும். மூடிக்கொண்டேன். சிறிது நேரத்தில் வாசலில் வேப்பிலை ஏறியது, அடுப்பில் தாளிப்பு நின்றது. கூடத்திலிருந்து அவர் போனில் பேசுவது கேட்டது. "தேன்மொழி, நளினிக்கு ஆத்தா எறங்கிகீறாம்மா. தலைக்குத் தண்ணி ஊத்துற வரிக்கும் பங்காளி வூட்டுல பால் காய்ச்சக் கூடாது. நிறுத்திடு."

பொய் சொல்வானேன், எனக்குக் காய்ச்சிய பாலையே குடித்தது போல் இருந்தது. பந்தல்காரனுக்கு, சமையல்காரனுக்கு, ஆபீஸ்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்துகொண்டு கிடக்கட்டும். நான் போர்வைக்குள் சிரித்தேன். சிரித்ததில் கன்னம் எரிந்தது.

மத்தியானம் மாமியார் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து ஒரு கிண்ணம் நிறையக் கொண்டுவந்தார். திருப்பதியில் கொடுத்த களிம்பைத் தவிர எது பட்டாலும் முகம் கருத்துப்போகும்.

"கையில பூசுங்கத்தே. மூஞ்சி எரியுது."

"மூஞ்சிலதானே அவ உக்காந்துகீறா!" என்று கிண்ணத்தில் விரலை விட்டார்.

அப்போதுதான் தேன்மொழி இளநீரோடு உள்ளே நுழைந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். ஒரே பார்வை. மாமியார் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

"நான் பூசறேன் அத்தே. நீங்க போய் இளநி வெட்டிக்கினு வாங்க."

அவர் போனதும் கதவைச் சாத்தினாள்.

"எங்கடி பண்ணே? எவ்ளோ வாங்கினாங்க?"

சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரே தடவையில இப்டி வெச்சு இழுத்துகீறாங்களே! நான் சித்தூர்ல பண்ணேன். சனிக்கெழம மெஷின் வருமே, அங்க. கொஞ்சம் கொஞ்சமா மூணு தடவ. என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டேனே! அரிசி மாவுன்னு சொன்னது யாரு?"

அவள் முகம் சுருங்கியது. "அத்தைக்குத் தெரிஞ்சா கொன்னே போட்டுடும். அதான்." பிறகு என் நெற்றி முடியை விலக்கிவிட்டாள். "உடு. பத்து நாளைக்கு ஆத்தான்னே இருக்கட்டும். மூஞ்சில மஞ்சள் படாம நான் பாத்துக்கறேன். ஐயர்கிட்ட அடுத்த முகூர்த்தம் கேட்டுட்டேன். வூடு எங்க ஓடிப் போவுது?"

காரை பெயர்ந்த அந்த இடம். தடவைக்குப் பாதி விலைதான், அதிலேயே முழு முகம். அதுவே வயிற்றைப் பற்ற வைத்தது. அதற்கு மேல் இந்தப் பெருந்தன்மை வேறு. எனக்காக நாளைத் தள்ளிப் போட்டு, எனக்காகப் பொய் சொல்லி, என் முடியையும் ஒதுக்கிவிட்டு! அவள் வீட்டுத் தரையில் கால் வைக்கும்போதெல்லாம் இது எனக்கு நினைவு வருமே. வீடு, கார், கன்னம், அவற்றோடு நல்ல மனசும் அவளுக்கேவா?

எழுந்து கதவைத் திறந்தேன்.

"அத்தே, இது ஆத்தா இல்ல. திருப்பதிக்குப் போயி லேசர் வெச்சுக்கினேன். அக்கா வூட்டுல குறிச்ச நாள்லயே பால் காய்ச்சுங்க."

மாமியார் கையில் அரிவாளும் இளநீரும் அப்படியே நின்றன. காலையில் என்னைக் கும்பிட்டது நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"துட்டு குடுத்தா மூஞ்சியச் சுட்டுக்கினே? உன்னப் போயி கும்பிட்டேனேடி!" அரை மணி நேரம் ஓயவில்லை. கடைசியில் தேன்மொழியின் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பினார். "இதப் பாரு. அரிசி மாவும் தயிருமே போட்டு எப்டி கீது மூஞ்சி! இவளப் பாத்துக் கத்துக்கடி!"

தேன்மொழி என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் அப்படி ஒரு கெஞ்சலை நான் கண்டதே இல்லை. ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"ஆமாங்கத்தே, அரிசி மாவுதான்," என்றேன். "அக்கா தயிர் எவ்ளோ சேக்கறாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க."