பதினோரு அடி

சிறைவாசலை விட்டு வெளியே வந்ததும் வரதன் முதலில் கேட்டது, "புள்ள வர்லியா?" என்றுதான்.

எல்லம்மா இல்லையென்று தலையாட்டினாள். ஏழு வருஷத்தில் அண்ணனின் தோள்கள் அகன்றிருந்தன. முடியை ஒட்ட வெட்டியிருந்ததால் காதுகள் தனியாகத் தெரிந்தன. அவள் கொண்டுவந்த புது வேட்டியை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். அம்பத்தூர் வண்டிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. "பார்க்கு வழியா நடக்கலாமா?" என்று கேட்டான். சரியென்றாள். ஸ்டேஷன் போய்ச் சேர்வதற்குள் எப்படியும் சொல்லிவிட வேண்டும். அவன் வீட்டுக்கு வரக் கூடாது என்று சொல்லத்தான் அவள் விடியற்காலை வண்டி பிடித்து வந்திருந்தாள்.

அவள் மகள் சாமுண்டீஸ்வரிக்கு இப்போது பன்னிரண்டு வயது. அவளுடைய அப்பன் கங்காதரனை வரதன் அடித்துக் கொன்றபோது ஐந்து. நடு முற்றத்தில், அவள் கண்ணெதிரே நடந்தது. மாமன் விடுதலையாகி வருகிறான் என்று நான்கு நாளைக்கு முன் சொன்னதிலிருந்து பெண் வாயைத் திறக்கவில்லை. கத்தியிருந்தால், அழுதிருந்தால் எல்லம்மாவுக்குப் பயம் இருந்திருக்காது. போட்ட சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள்.

பார்க்குக்குள் ஏரித்தண்ணீர் பச்சையாகக் கிடந்தது. பேண்டு மண்டபத்தில் இரண்டு பேர் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். வரதன் சின்னப் பிள்ளைபோல ஒவ்வொன்றாகக் கை நீட்டிக்கொண்டு வந்தான். "அதோ, நம்ம குடிசை இருந்த எடம். உயிர்க் காலேஜி புலி கத்தனா நீ பாயிலயே மூத்திரம் போய்டுவே, நெனவு கீதா?" சிரித்தான். எல்லம்மாவும் சிரித்தாள். அவர்கள் நைனா என்று கூப்பிட்ட அப்பா துலுக்கானம், மிருகக்காட்சிசாலையை ஒட்டி அங்கே செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையில் இருந்தார். அவர் சாகிறவரை, ஐந்து வருஷம், அந்தத் தோட்டம்தான் பிள்ளைகள் இருவருக்கும் வீடு. அதற்கப்புறம்தான் அம்பத்தூருக்கு, தாய்மாமன் வீட்டுக்குப் போனார்கள்.

பாதாம் மரத்தருகே வந்ததும் வரதன் நின்றான். எல்லம்மாவுக்கும் கால் நின்றுவிட்டது.

அப்போது அவளுக்கு எட்டு வயது. கீழே விழுந்து கிடந்த பாதாம் காய்களை மடியில் பொறுக்கிக்கொண்டிருந்தவளைக் பார்க் காவல்காரன் பிடித்து, பின்னலை வேலியின் இரும்புக் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட்டான். வெயிலில் அவள் கதறியதைக் கேட்டு ஓடிவந்த வரதன் செங்கல்லை எடுத்தான். காவல்காரன் புருவம் கிழிந்து, கண்ணெல்லாம் ரத்தம். மாலையில் அப்பா, வேலை போய்விடும் என்ற பயத்தில், பதினோரு வயது மகனை இந்த மரத்தில்தான் கட்டினார். வாளியில் ஊறிய கயிற்றால், காவல்காரன் போதும் என்று சொல்கிறவரை அடித்தார். அவன் சொல்ல வெகுநேரமாயிற்று. முதுகுத் தோல் பிளந்து சட்டையோடு ஒட்டிக்கொண்டது. வரதன் அழவில்லை. அப்பாதான் அடிக்கு அடி அழுதுகொண்டே அடித்தார். அன்றிரவு குப்புறப் படுத்தபடியே தங்கச்சியிடம் சொன்னான்: "உன் மேல எவன் கை வெச்சாலும் வுட மாட்டேன்."

அந்த வார்த்தையைத்தான் அவள் இத்தனை வருஷமாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். கங்காதரன் குடித்துவிட்டு வந்து அவள் முன்பற்கள் இரண்டை உடைத்த மறுநாள் காலை, பால்காரனிடம் அண்ணனுக்குச் சொல்லியனுப்பினாள். வந்து இட்டுகினு போ என்று மட்டும்தான் சொல்லியனுப்பினாள். வந்தவன் அவள் வாயைப் பார்த்தான். மூலையில் சாத்தியிருந்த மண்வெட்டிக் காம்பை எடுத்தான். ஆளை விட்டுப் புருஷனைக் கொன்றவள் என்று ஊர் சொன்னது. மாமியார் வீட்டில் துரத்திவிட்டார்கள். நாற்று நட்டும் களை பறித்தும் மகளை வளர்த்தாள். குனிந்த இடுப்பு நிமிராத நேரங்களில், எனக்காக ஒருத்தன் ஜெயிலில் கிடக்கிறான் என்று நினைத்துக்கொள்வாள். அந்த நினைப்பு சுட்டது. அதுவேதான் அவளை நிமிர்த்தியும் விட்டது.

வரதன் மரப்பட்டையை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தான்.

"எல்லம்மா, ஒண்ணு சொல்லணும். உள்ள கெடந்து கெடந்து யோசிச்சது."

"இன்னா?"

"கோர்ட்டுல டாக்டரு பதினோரு அடின்னாரு. நெனவு கீதா?"

அவளுக்கு எப்படி மறக்கும்?

"மொத அடி உனுக்காக அடிச்சேன். அதுலயே அவன் வுழுந்துட்டான். மச்சான், வுட்டுருன்னு கையெடுத்துக் கும்புட்டான்." வரதன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அப்பால நீ என் கண்ணுல இல்ல. புள்ள கத்தனதும் காதுல வுழல. கீழ கெடந்தது நைனா. மிச்சம் பத்து அடியும் நைனாவுக்கு. அடிக்க அடிக்க நல்லா இருந்துச்சு எல்லம்மா."

அவள் கை எப்போது எழுந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. கன்னத்தில் அறைந்தாள். மறுபடி அறைந்தாள். வேட்டி கீழே விழுந்தது. இரண்டு கைகளாலும் மார்பில், கழுத்தில், வாயில் மாறி மாறி அடித்தாள். "கும்புட்டானா? கும்புட்டவனையா அடிச்சே? எனுக்காகன்னுதான நெனச்சிகினு கீறேன்!" அவன் உதடு கிழிந்து மோவாயில் ரத்தம் வழிந்தது. கையைத் தூக்கித் தடுக்காமல், அன்று நின்றதுபோலவே மரத்தோடு சாய்ந்து நின்றான். மண்டபத்தில் படுத்திருந்தவர்கள் எழுந்து ஓடிவந்தார்கள். "யோவ், இன்னாய்யா பண்ணே அந்தப் பொம்பளைய?" என்று ஒருவன் அவன் சட்டையைப் பிடித்தான். எல்லம்மா அவனைத் தள்ளிவிட்டாள். "போய்யா. என் அண்ணன்."

மூச்சு அடங்கியதும், சொல்ல வந்ததைச் சொன்னாள். "ஊட்டுக்கு வராத. புள்ள நாலு நாளா துன்னல."

"சரி."

"எங்க போவே?"

"கூட்ஸ் ஷெட்ல மூட்ட தூக்க ஆள் எடுக்கறாங்கன்னு உள்ள ஒருத்தன் சொன்னான்." புறங்கையால் ரத்தத்தைத் துடைத்துவிட்டு, வேட்டியை எடுத்து மண்ணைத் தட்டினான். "எப்பனா ஒருதபா வந்து, தூரமா நின்னு பாத்துட்டுப் போவட்டா?"

அவள் ஸ்டேஷன் பக்கம் திரும்பி நடந்தாள். வண்டி அம்பத்தூர் வந்து சேரும்வரை உள்ளங்கைகள் எரிந்துகொண்டிருந்தன. ஒருவனை அடித்தால் இப்படி இருக்குமா என்று கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நல்லா இருந்துச்சு என்று அவன் சொன்னது காதை விட்டுப் போகவில்லை.

வயல்வெளி முழுக்க உச்சி வெயில். வீட்டுக் கதவு பாதி சாத்தியிருந்தது. "சாமுண்டி," என்று கூப்பிட்டாள். கதவைத் தள்ளி உள்ளே காலை வைத்தாள்.

கதவுக்குப் பின்னால், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு மகள் நின்றிருந்தாள். இரண்டு கைகளாலும் கதிர் அரிவாளைத் தோளுக்கு மேல் ஓங்கிப் பிடித்திருந்தாள். வண்டி கூவிய சத்தம் கேட்டதிலிருந்து அப்படியே நின்றிருக்க வேண்டும். பாவாடை வேர்வையில் நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. அவள் கண்கள் அம்மாவைத் தாண்டி வெளியே வெயிலில் தேடின.

"அவன் எங்க?"

"வர்லம்மா."

அரிவாள் இறங்கவில்லை. எல்லம்மா மெல்லக் கிட்டே போய், மகளின் விரல்களைச் சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஒன்றைப் பிரித்துவிட்டு அடுத்ததைத் தொடுவதற்குள், பிரித்த விரல் மறுபடி பிடியைப் போய் இறுக்கிக்கொண்டது.