வகுப்பில்லாத டீச்சர்

தொண்ணூற்றிரண்டில் திருமுல்லைவாயில் மிஷன் பள்ளிக்கூடத்துக்கு, பிள்ளைகளின் மனக்குறை கேட்டு யோசனை சொல்லும் கவுன்சிலராக வந்த ஞானசௌந்தரிக்குத் தனி அறை, இரண்டு நாற்காலி, கதவுக்கு ஒரு திரை எல்லாம் கொடுத்தார்கள். வகுப்பு மட்டும் கிடையாது. வினையே அங்கேதான். வகுப்பில்லாத டீச்சர் என்றால் சும்மா இருக்கிற டீச்சர் என்பது அந்தப் பள்ளிக்கூடத்துச் சட்டம்.

கணக்கு வாத்தியாருக்குக் காய்ச்சலா, கூப்பிடு ஞானசௌந்தரியை. தாமதமாக வந்த கூட்டத்தை மேய்க்க ஆள் வேண்டுமா, கூப்பிடு ஞானசௌந்தரியை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. மிஷன் பள்ளியிலும் அதே கதைதான். நாலு வருஷத்தில் அவள் அறையில் விளையாட்டு விழாக் கொடிக்கம்புகள் குடியேறின. அழ வந்த பிள்ளைகள் வராண்டாவில் நின்றார்கள். வீட்டில் கணவன் அருள்தாஸ் காப்பி வேண்டுமா என்று கேட்டால்கூட எரிந்து விழுந்தாள். அடுத்தவர் பேச்சைக் கேட்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவளுக்கு, யார் வாயைத் திறந்தாலும் பயமாக இருந்தது.

அப்படி ஒரு நாளில்தான் பத்தாவது படிக்கும் தாட்சாயிணி வந்தாள். படிப்பை நிறுத்தி அம்பத்தூரில் துணி தைக்கிற கம்பெனியில் சேர்க்கப் போகிறார்களாம்.

"நான் சொன்னா அம்மா கேக்காது மிஸ். நீங்க ஒருவாட்டி ஊட்டுக்கு வந்து பேசுங்க மிஸ்."

"இந்த வாரம் கட்டாயம் வர்றேம்மா."

மனசாரத்தான் சொன்னாள். வீடும் ரயில்வே கேட்டைத் தாண்டியதும்தான். ஆனால் அந்த வாரம் எட்டாம் வகுப்புக்கு ஆள் இல்லை. அடுத்த வாரம் விளையாட்டு விழா. தாட்சாயிணி எதிர்ப்பட்டபோதெல்லாம் நாளைக்கு என்று கையால் சாடை காட்டிவிட்டு ஓடினாள்.

பிறகு தாட்சாயிணியின் அம்மா பொன்னியம்மா டி.சி. வாங்க வந்தாள். கவுன்சிலரைப் பார்க்காமல் டி.சி. கொடுப்பதில்லை என்று அங்கே ஒரு வழக்கம்.

"நல்லாப் படிக்கிற பொண்ணும்மா! ஏன் நிறுத்துறீங்க?" என்று பதறினாள் ஞானசௌந்தரி.

பொன்னியம்மா அவளை விநோதமாகப் பார்த்தாள். "இத்த அப்பவே வந்து சொல்லக்கூடாதா மேடம்? மிஸ் வருவாங்கன்னு பொண்ணு சொல்லிகினே இருந்திச்சி. நானும் கம்பெனில தவணை கேட்டுகினு, தெனம் ஊட்டப் பெருக்கி வச்சிகினு குந்தினு இருந்தேன். நீங்க வரலியா... படிப்பு ஏறாத பொண்ணு போலகீது, அத்த மூஞ்சிக்கு நேரா சொல்ல மனசு வராம மிஸ் வரலன்னு நெனச்சிகினேன்."

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலம்மா, நான் அவகிட்ட பேசுறேன்..."

"அதுவே வராது மேடம். மிஸ்ஸே வரல, வுட்டுடும்மான்னுடிச்சி."

பொன்னியம்மா போய்விட்டாள். ஒரு சாயங்காலம் போயிருந்தால் போதுமே என்று ஞானசௌந்தரி மேஜைமேல் தலையைக் கவிழ்த்து அழுதாள்.

திரை விலகியது. பியூன் செங்கல்வராயன் தலையை நீட்டினார்.

"மேடம், ஏழாங்கிளாசுக்கு சார் வரலியாம். நீங்க சும்மாத்தானே கீறீங்க?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் எழுந்து போனாள்.