ஜிம்மியின் சொந்தக்காரருக்கு ஓர் ஆலோசனை

1
ஒரு பல்கலைக்கழக விளம்பரத்தில் இருந்துதான் இந்தக் கதை வந்தது. வளர்ப்புப் பிராணிகளின் நடத்தை ஆலோசனையில் முதுகலைப் பட்டமாம். தகுதிகள்: விலங்கியல் மாதிரி ஒரு இளங்கலை, ஆங்கிலம், மிருக வைத்தியரின் பரிந்துரை, கையாண்ட ஒரு பிராணியின் விபரம், அதன் சொந்தக்காரரின் கையெழுத்தோடு. நாய்க்கும் ஆலோசனையோ என்று சிரித்தேன். பிறகு இருப்புக் கொள்ளவில்லை. பாதிச் சனம் வெளிநாட்டுக்குப் போய்விட்ட புங்குடுதீவில் ஒருத்தி விண்ணப்பித்தால் நாய் கிடைக்கும், சொந்தக்காரருக்கு எங்கே போவாள்?

2
கம்சிகா கடற்கரையில் நின்றபடி

(வேண்டாம். புங்குடுதீவு இறுப்பிட்டியில் ஆர் சும்மா கடற்கரையில் நிற்கிறது?)

கம்சிகா விலங்கியல் பட்டதாரி. புலமைப்பரிசிலோடு அந்தப் பட்டத்துக்கு விண்ணப்பிக்க இதுதான் கடைசி வருஷம். பக்கத்து வளவு நாய் ஜிம்மி. வளவுக்காரர் வாகீசன் கனடாவில். பூட்டின வீட்டைப் பார்ப்பதும் சோறு வைப்பதும் றஞ்சனி அக்கா. ஞாயிறுதோறும் வாகீசன் எடுக்க, அவள் போனை நாயின் முகத்துக்கு நேரே பிடிப்பாள்.

"ஜிம்மிக்குட்டி, அண்ணை வாறன்ரா!"

குரல் கேட்டதும் அது வீட்டைச் சுற்றி ஓடும். நகம் பிய்யுமட்டும் கதவைப் பிறாண்டும். பிறகு நாட்கணக்காய்ச் சோற்றைத் தொடாது.

"பாத்தீரே பிள்ளை, என்ன பாசம்!" என்பாள் றஞ்சனி.

பாசமாம்! விலா எலும்பு தெரியுது. எழுதுகிற எனக்கே பத்திக்கொண்டு வருகிறது.

3
கம்சிகாவை நான் முழுக்க நம்பவில்லை. உள்ளதைச் சொன்னால் வாகீசன் கோவிப்பார், கையெழுத்து வராது. சொல்லாவிட்டால் ஜிம்மி செத்துப்போகும்.

முடிவு அ: வாயை மூடிக்கொண்டு கையெழுத்தை வாங்கி விமானம் ஏறுகிறாள். (அழித்துவிட்டேன். நாய் கிடந்து சாக, இவள் நாயைப் பற்றிப் படிக்கப் போறாவாம்!)

முடிவு ஆ: வாகீசனே வந்து இறங்குகிறார், ஜிம்மி பாய்ந்து (சினிமா. அவருக்கு அங்கே இன்னும் விசா சரிவரவில்லை. வந்தால் திரும்பிப் போக ஏலாது.)

4
சரி, போனில் சொல்லட்டும் என்று விட்டேன்.

"வாகீசன் அண்ணை, கோவிக்கக் கூடாது. ஜிம்மியோட கதைக்கிறதை நிப்பாட்டுங்கோ. குரல் கேக்குது, ஆளைக் காணேல்லை. உங்களைத் தேடித்தான் கதவைப் பிறாண்டுது. சாப்பிடுதும் இல்லை."

அவருக்காக நல்ல ஏச்சு ஒன்று எழுதி வைத்திருந்தேன். "நீர் ஆர் எனக்குப்

இல்லை, அது அவர் வாயில் வரமாட்டேன் என்கிறது.

"கையெழுத்து வைக்கிறன், பிள்ளை. இனிக் கதைக்கவும் மாட்டன்," என்றார். "அம்மாவும் போனாப் பிறகு, ஊரில என்ரை குரல் கேட்டு ஓடி வாறது அது ஒண்டுதான். இனி நான் ஆரோட கதைக்கிறது? அதை மட்டும் சொல்லும்."

கம்சிகா போனை என்னிடம் நீட்டுகிறாள்.

அவர் இன்னும் போனை வைக்கேல்லை. இந்தாங்கோ, நீங்கள் கதையுங்கோ.