புகை வராத கரி

தணல் நன்றாகக் கனிந்து, கரியின் மேல் வெள்ளையாகச் சாம்பல் பூக்கும் நேரம் பார்த்து, தண்ணீரில் ஊறிய மரத்துண்டு ஒன்றை எடுத்து நடுவில் வைப்பாள் அக்கா. உஸ்ஸென்று சத்தம் எழும். கம்பியில் கோத்த கோழித் துண்டுகளின் மேல் தகர மூடியைக் கவிழ்த்துவிடுவாள். மூடியின் ஓரமாகக் கசிந்து தெருவுக்குப் போகும் புகை, வீட்டுக்குப் போகிற ஆளைக் கையைப் பிடித்துக் கடைக்கு இழுத்து வரும்.

"உங்க புகைக்குன்னே சட்டையைத் துவைக்காம வெச்சிருக்கேன்க்கா" என்பான் எதிர்ப்பட்டறை மெக்கானிக். "மாசக் கடைசில அதை மோந்துக்கிட்டே வெறுஞ்சோறு சாப்பிட்டுக்கலாம் பாருங்க."

"ஏற்கெனவே அதுல கிரீஸ் இருக்கே. அதைத் தொட்டுக்கிட்டுச் சாப்பிடு."

தெருவில் எல்லோருக்கும் அவள் அக்காதான். உண்மையிலேயே அப்படிக் கூப்பிடப் பிறந்தவன் மட்டும் இப்போது இல்லை.

தம்பி இருந்தவரை இந்தக் கடையில் புகை என்ற பேச்சே கிடையாது. கரி வாங்கப் போனால் ஒவ்வொரு துண்டாகத் தட்டிப் பார்ப்பான். கணீரென்று ஒலித்தால்தான் மூட்டைக்குள் போகும். "புகை வந்தா கரி மட்டம்னு அர்த்தம்க்கா" என்பான். கொழுப்புச் சொட்டி லேசாகப் புகைந்தால்கூட விசிறியை எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போவான். கோழி சுத்தமாக வெந்திருக்கும். சாப்பிட்டவர்கள் நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மறுநாள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள். "வாசமே இல்லையேடா, ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி" என்று அக்கா சொன்னால் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

இப்போது நிற்க இடமில்லாத கூட்டம். பார்க்க அவனுக்குக் கொடுத்துவைக்கவில்லை. அது என்ன மரம், என்ன ரகசியம் என்று கேட்பவர்களிடம் அக்கா சிரித்து மழுப்புவாள். காலையில் வந்ததும் மரத்துண்டுகளை வாளியில் ஊறப்போடுவது தம்பியின் மனைவி. எதற்கு என்று அவள் கேட்டதில்லை, அக்காவும் சொன்னதில்லை. புகையில்லாமல் சிவந்து கிடக்கும் தணலை இருவராலும் கண்கொண்டு பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

குளிர் கடுமையாக இறங்கியிருந்த ஒரு சாயங்காலம், மெக்கானிக் பழைய பெயின்ட் டப்பா ஒன்றோடு வந்து நின்றான்.

"அக்கா, ஓரத்துல கிடக்குற தணல் கொஞ்சம் வேணும். ரூம்ல குளிர் எலும்பைக் குடையுது. குழந்தைக்கு வேற சளி. ஜன்னல் இடுக்கெல்லாம் பேப்பர் ஒட்டி அடைச்சுட்டேன். இதைக் கட்டிலுக்குப் பக்கத்துல வெச்சுட்டா ராத்திரி முழுக்கக் கதகதப்பா இருக்கும்." குரலைத் தணித்துக்கொண்டு, "மரத்துண்டு படாத பக்கமா எடுத்துக் குடுங்க. புகையே வராத கரியா இருக்கணும். சின்னக் குழந்தை பாருங்க" என்றான்.

கோழி கோத்துக்கொண்டிருந்த தம்பி மனைவியின் கை நின்றுவிட்டது.

வேண்டாம் என்று சொல்லத்தான் அக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் அவனே இடுக்கியைக் கையில் எடுத்தான். அக்கா குனிந்தாள், மரத்துண்டு ஊறிய வாளியைத் தூக்கினாள், அப்படியே அடுப்பில் கவிழ்த்தாள்.

சாம்பலும் ஆவியும் ஆளுயரத்துக்கு எழும்பின. வரிசையில் நின்றவர்கள் சிதறினார்கள். "யம்மா, எங்க கோழி!" என்று ஒருத்தி கத்தினாள்.

மெக்கானிக்கின் முகம் சுண்டிப்போனது. "எப்படியும் சாம்பலாப் போறதுதானே, அதைக் குடுக்கக்கூட மனசு வரலையா? வேணாம் விடுங்க. ரொட்டிக் கடைல கேட்டா அள்ளிக் குடுப்பாங்க."

அவன் டப்பாவோடு திரும்பினான். அக்கா பாய்ந்து அவன் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"என் தம்பி எப்படிப் போனான்னு இந்தத் தெருவுல யாருகிட்டயும் நான் சொன்னதில்ல. கேட்டுட்டுப் போ" என்றாள். "இதே மாதிரி குளிர். இவ தாய்வீட்டுக்குப் போயிருந்தா. கடையைச் சாத்திட்டு, மிச்சத் தணலை வாளில அள்ளிக்கிட்டு மாடி ரூமுக்குப் போனான். நம்ம கரில ஏதுக்கா புகைன்னு சிரிச்சுக்கிட்டேதான் போனான். காலைல நான் போய், வெயில் முதுகுல அடிக்குது, இன்னும் என்னடா தூக்கம்னு கதவைத் தட்டித் திட்டுறேன். திட்டிக்கிட்டே இருக்கேன்ப்பா..."

அக்கா அவன் சட்டைக் கையை விடவில்லை.

"மூடின ரூம்ல எந்தக் கரியும் ஆளைக் கொல்லும். அதுலருந்து வர்ற விஷக்காத்து கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. கொஞ்சம் புகைஞ்சிருந்தாலாவது கண்ணு எரிஞ்சிருக்கும். இருமிக்கிட்டே எந்திரிச்சுக் கதவைத் திறந்திருப்பான்."

"புகை இல்லேன்னா நல்லதுன்னுதானே..." அவன் கையிலிருந்த டப்பாவைக் குனிந்து பார்த்தான்.

"நாங்களும் அப்படித்தான் நெனச்சோம். பொழுதுக்கும் கரியிலயே கிடக்கிற நாங்களே."

தம்பி மனைவி எழுந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, கடையின் பின்சுவர் ஆணியில் மாட்டியிருந்த கம்பளியை எடுத்து வந்தாள். தம்பி போனதிலிருந்து யாரையும் அதைத் தொடவிட்டதில்லை அவள். மெக்கானிக்கின் கையிலிருந்த டப்பாவை வாங்கிக் கீழே வைத்துவிட்டுக் கம்பளியைக் கொடுத்தாள்.

"குழந்தைக்குப் போத்துங்கண்ணா. நல்ல கனம்."

அவன் பழக்கதோஷத்தில் அதை மூக்கருகே கொண்டுபோனான்.

"புகை நாத்தம்தான். அடுப்பு மூட்டுறப்ப வர்ற புகை அதுல ஏறிப்போச்சு" என்றாள் அவள். "அவருக்குன்னுதான் வாங்கினேன். புகை நாறுது, இதை எவன் போத்துவான்னு ஒரு நாள்கூட அவர் தொடல."

அவன் கம்பளியை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தான். பட்டறையைத் தாண்டியதும் ஓட ஆரம்பித்தான்.

"அக்கா, மறுபடி பத்தவைப்பீங்களா? இல்ல, நாங்க போகட்டுமா?" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் தயங்கித் தயங்கிக் கேட்டது.

"இருங்க" என்றாள் அக்கா. ஈரச் சாம்பலை வழித்துக் கொட்டத் தொடங்கினாள். தம்பி மனைவி காலி வாளியைக் குழாயடியில் வைத்துவிட்டு, அடுப்பிலும் தரையிலும் சிதறிய மரத்துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தண்ணீரில் போட்டாள்.