அனிசியோவின் கடைசிப் பயணிகள்

அப்பாவின் சட்டையில் வயிற்றுப் பக்கத்துப் பொத்தான் மட்டும் எட்டவில்லை. ஜாசிரா மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். நேற்று இரவு வறுத்த மடவை மீனை மூன்றாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, “நாளைக்கு ஆளுங்க வர்றாங்க, சீக்கிரம் எழுப்பிவிடு” என்று சொல்லிப் படுத்த மனிதர். விடிந்ததும் எழுப்பப் போனாள். அனிசியோ எழுந்திருக்கவில்லை. சாப்பிட்ட திருப்தி முகத்தில் அப்படியே இருந்தது.

“விட்டுடும்மா. அந்த இடத்துல பூ வெச்சிட்டா தெரியாது,” என்றார் ஒனோஃப்ரே மாமா. அம்மாவின் தம்பி. மச்சானோடு சண்டை போடாமல் அவர் காப்பி குடித்த நாள் கிடையாது. இன்று சண்டைக்கு ஆள் இல்லாமல் வீட்டுக்கும் படகுத்துறைக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

அவர் நடந்ததற்கு வேறு காரணமும் உண்டு. ஜாசிராவின் அம்மா லூசியாவைப் புதைத்திருப்பது உப்பங்கழிக்கு அக்கரையில், தேசியப் பூங்காவின் காட்டுக்குள், ஜனங்கள் எப்போதோ விட்டுப் போன பழைய ஊரின் கல்லறையில். பக்கத்து இடம் தனக்கு என்று அனிசியோ கிளிஞ்சல் பதித்து எல்லை கட்டி வைத்திருந்தார். அங்கே போக சாலை கிடையாது. படகுதான். கழியில் நீர் வற்றிவிட்டால் அதுவும் போகாது. மறுபடி ஏறுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும், பிணத்தை எடுத்துப் போக நகரத்திலிருந்து வண்டி வந்துவிடும். அப்பாவை மண் சாலையில் குலுக்கிக்கொண்டு போய், முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே புதைத்துவிட்டு வர வேண்டியதுதான். ஜாசிராவுக்கு அதை நினைக்கவே பொறுக்கவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் அப்பாவைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் அப்புறம்.

ஆனால் சேர்ப்பதற்கு ஊரில் ஆள் இல்லை. மடவை கூட்டம் கூட்டமாக வரும் பருவம். ஆண்கள், பையன்கள், வலை இழுக்கத் தெம்புள்ள பெண்கள் எல்லோரும் வெளிக்கடற்கரையில் குடிசை போட்டுக் கிடந்தார்கள். சாவு வீட்டில் மாமாவையும் சேர்த்து ஆறேழு கிழங்கள். வாழ்நாள் முழுக்கப் படகு நிறைய ஜனங்களை ஏற்றிக்கொண்டு பூங்காவையும் தீவுகளையும் சுற்றிக் காட்டிய மனிதர், இப்படி ஆளில்லாமலா போக வேண்டும் என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

அப்போதுதான் வாசலில் பஸ் ஹாரன் அடித்தது.

ஜாசிரா தலையில் கை வைத்துக்கொண்டாள். அக்கரையில் குழி வெட்டப் பூங்காக் காவலர் வரைக்கும் யாருக்கெல்லாமோ சொல்லி அனுப்பியிருந்தாள். அப்பா சொன்ன அந்த “ஆளுங்க”ளுக்குச் சொல்ல மறந்துவிட்டாள். சேறு அப்பிய பஸ்ஸிலிருந்து வெயில் தொப்பி வைத்த தலைகள் ஒவ்வொன்றாக இறங்கின. உள்நாட்டு நகரமான சொரொகாபாவில் பஞ்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். கையில் சாப்பாட்டுத் தூக்கு, தோளில் தண்ணீர்ப் புட்டி, முகத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் குதூகலம். முன்னால் வந்த அம்மாள் பாட்டுப் பாடிக்கொண்டே வாசற்படி ஏறி, உள்ளே சவப்பெட்டியைப் பார்த்ததும் பாதிப் பாட்டில் நின்றுவிட்டாள்.

“நான் இவோனி. நேத்து சாயங்காலம்தான் போன்ல பேசினேன். மழை வந்தாலும் இடி விழுந்தாலும் நான் கூட்டிட்டுப் போறேன், நீங்க வாங்கன்னாரு.”

“காலைலதான்மா. தூக்கத்துலயே,” என்றாள் ஜாசிரா.

இவோனி சிலுவைக் குறி இட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். பின்னால் தொப்பிகள் எல்லாம் கழன்றுவிட்டன. யாரோ ஒருவர் பஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை ஓடிப்போய் நிறுத்தினார்.

ஜாசிரா காப்பி ஊற்றினாள். வந்தவர்கள் இறந்தவரைப் பார்த்துவிட்டு, சுவரில் சாய்ந்து மெதுவாகப் பேசினார்கள். நாலு வருஷமாகச் சீட்டுப் போட்டுக் கிளம்பியவர்கள். பாதிப் பேர் கடலையே பார்த்ததில்லை. அதை யாரும் சொல்லவில்லை. காப்பியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு, ஜன்னல் வழியாகத் தெரிந்த தண்ணீரை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசியில் வால்தெமார் என்ற பெரிய உடம்புக்காரர் தொண்டையைச் செருமினார். “அவரு வரச் சொன்னாரு, வந்துட்டோம். அப்படியே திரும்பிப் போனா நல்லாருக்காது. நாங்களும் அடக்கத்துக்கு வர்றோம்மா. இடம் இருக்குமா?”

அந்தக் கரையில், பெட்டியோடு வருகிறேன் என்று கேட்டவரை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. எதிரியே கேட்டாலும் இடம் விட வேண்டும். மாமாவுக்கும் அது தெரியும். இருந்தாலும் அவளைச் சமையலறைக்கு இழுத்துப் போனார்.

“பாரம் ஏறிடும்மா. படகு அழுந்தும். கழியில மணல் திட்டு இருக்கு, தெரியுமில்ல. அந்த ஆளு ஒருத்தரே ரெண்டு பெட்டி கனம்.”

“கேட்டுட்டாங்க மாமா. என்ன சொல்லச் சொல்றீங்க?”

“ஒண்ணும் சொல்ல முடியாது. அதான் எரிச்சலா வருது.”

ஜாசிராவுக்கு எரிச்சல் வரவில்லை. உள்ளுக்குள் ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. அப்பா ஆட்களோடு போகப்போகிறார்.

இனி நேரம்தான் கணக்கு. ஊரில் யாருக்கும் நீர் ஏறி இறங்கும் நேரம் பார்த்துப் பழக்கமில்லை. பார்க்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. வலை போடுகிறவனும் துணி அலசுகிறவளும் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வருகிற பாதிரியாரும் அனிசியோவைத்தான் கேட்பார்கள். அவர் துறைக் கம்பத்தை ஒரு பார்வை பார்த்துச் சொல்வார், அது சரியாக இருக்கும். மாமா துறைக்கு இன்னொரு நடை போய்விட்டு வந்து, வேர்வையைத் துடைத்தபடி வாசலில் நின்றே குரல் கொடுத்தார்.

“மச்சான், தண்ணி எதுவரைக்கும் நிக்கும்?”

மாமா பெட்டியைப் பார்த்தார். பெட்டி சும்மா இருந்தது. பக்கத்து வீட்டுக் கிழவி முந்திக்கொண்டு களுக்கென்று சிரித்தாள். அடக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சொரொகாபாக்காரர்களும் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கினார்கள்.

“சிரிங்க, சிரிங்க,” என்றார் மாமா. அவர் கண் கலங்கியிருந்தது. “எதிர்த்துப் பேசாம ஒரு நாள் படுத்துக் கிடக்கணும்னு கேட்டேன். கேட்டது கிடைச்சிடுச்சு.”

பிறகு கிழங்கள் ஆளுக்கொரு நேரம் சொல்லின. உச்சி வரை நிற்கும் என்றார் ஒருவர், மூன்று மணி வரை நிற்கும் என்றாள் கிழவி. சண்டை வேண்டாம் என்று நடுவில் ஒரு நேரத்தை வைத்துக்கொண்டு, அதை நம்பிச் செபமாலையும் சொல்லி முடித்துக் கிளம்பினார்கள். கிளம்பும்போதே நீர் இறங்க ஆரம்பித்து, துறைக் கம்பத்தில் தண்ணீருக்கு ஒரு முழம் மேலே ஈரம் தெரிந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

படகின் நடுவில் பெட்டி. இரண்டு பக்கமும் பலகையில் ஜனங்கள், தேவாலயத்தில் உட்கார்ந்த மாதிரி விறைப்பாக. மாமா சுக்கான் பிடித்தார். கழியின் இரு கரையிலும் அலையாத்திக் காடு, அதற்குப் பின்னால் மலை வரைக்கும் ஒரே பச்சை. வெயில் இதமாக அடித்தது.

கொஞ்ச தூரத்தில் ஒரு முதுகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்பியது. அதற்குப் பின்னால் குட்டி ஒன்று. டால்பின்கள். ஒரு பெண் “ஹா” என்று ஆரம்பித்து, பெட்டியைப் பார்த்து, மிச்சத்தை விழுங்கினாள். யாரும் தலையைத் திருப்பவில்லை. கண்கள் மட்டும் ஓரத்துக்குப் போய்ப் போய் வந்தன. வால்தெமாருக்குக் கழுத்து நரம்பு புடைத்துவிட்டது.

ஜாசிராவுக்கு மனசு கேட்கவில்லை. “திரும்பிப் பாருங்க,” என்றாள். “அப்பா இதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டாரு. அவருக்கு எதிர்ல பாக்காம இருந்தீங்கன்னா கோவிச்சுக்குவாரு.”

அவ்வளவுதான். படகே ஒரு பக்கம் சாய்ந்தது.

“உக்காருங்க, உக்காருங்க,” என்று மாமா கத்தினார்.

“அந்த மலைல என்னம்மா இருக்கு?” என்று இவோனி கேட்டாள்.

ஜாசிரா இத்தனை வருஷமும் வருகிறவர்களுக்குச் சமைத்துப் போட்டவள். படகில் ஏறி விளக்கம் சொன்னதில்லை. ஆனால் அப்பா சாப்பாட்டு மேசையில் சொன்னதையே சொல்வார், அவளுக்கு மனப்பாடம். “மூணு சிறுத்தை இருக்குன்னு அப்பா சொல்லுவாரு. ஒண்ணுக்கு வாலு கிடையாது.”

“அவரு பாத்திருக்காரா?”

“யாரும் பாத்ததில்ல. வாலையும் பாத்ததில்ல.”

“புளுகு,” என்றார் மாமா பின்னாலிருந்து. “மொதல்ல ரெண்டுதான் சொல்லிட்டிருந்தான். தாராளமா பணம் குடுக்கற கூட்டம் வந்துச்சுன்னா நாலு ஆக்கிடுவான்.”

சிரிப்பு கரையில் பட்டுத் திரும்பியது. அலையாத்தி மரத்திலிருந்து சிவப்பு அரிவாள்மூக்கன்கள் ஒரு கூட்டமாக எழும்பி, மரமே பூத்துப் பறந்த மாதிரி தலைக்கு மேலே போயின. யாரோ கைதட்டினார்கள். இந்தத் தடவை யாரும் பெட்டியைப் பார்த்துக் கூசவில்லை.

பழைய ஊர்க் கோயிலின் சுவர் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் படகு அடியில் உரசி, ஒரு குலுங்கு குலுங்கி நின்றது.

மாமா மோட்டாரை முன்னும் பின்னும் முறுக்கினார். சேறுதான் கிளம்பியது. கோலை விட்டுப் பார்த்தார். முழங்காலுக்கு மேல் தண்ணீர் இல்லை. இரண்டு பக்கமும் மணல் முதுகு தெரிய ஆரம்பித்திருந்தது.

“வத்திடுச்சு. கெழவி பேச்சக் கேட்டதுக்கு இதான். இனிமே இருட்டற நேரத்துலதான் ஏறும்.”

“இருட்டினா பூங்காவுக்குள்ள புதைக்க விட மாட்டாங்க, நகரத்து வண்டியும் வந்துரும் மாமா,” என்றாள் ஜாசிரா. சுவர் அங்கே தெரிகிறது. அம்மா அந்தச் சுவருக்குப் பின்னால்தான். சத்தமாகக் கூப்பிட்டால் கேட்கும் தூரம். இவ்வளவு கிட்டே வந்துவிட்டு அப்பாவைத் திருப்பிக் கொண்டுபோவதா? அவள் பெட்டியின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு அழுதாள். காலையிலிருந்து அழாத அழுகை அது.

பக்கத்தில் பொத்தென்று ஒரு சத்தம். பலகையில் வால்தெமாரைக் காணோம். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார், காற்சட்டையோடு, தொப்பியோடு. அவர் இறங்கியதும் படகு ஒரு விரல் மேலே வந்தது.

“பாத்தீங்களா,” என்றார் மாமா. “நான் சொன்னேன்ல, ரெண்டு பெட்டி கனம்னு.”

“கேட்டுச்சுங்க. சமையல்கட்டுச் சுவரு பலகதான்,” என்றார் வால்தெமார். “மத்தவங்களும் எறங்குங்க. ஆலைல நூல் மூட்டை தள்ளலயா? இது என்ன பெரிசு.”

இவோனி செருப்பைக் கழற்றினாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, “கண்ண மூடிக்கங்க அனிசியோ ஐயா,” என்று பெட்டியிடம் சொல்லிவிட்டு இறங்கினாள். பின்னாலேயே ஒவ்வொருவராக, குளிர்ந்த தண்ணீருக்கு முனகிக்கொண்டும் சிரித்துக்கொண்டும். கடைசியில் ஜாசிராவும் குதித்தாள். படகு லேசாகிவிட்டது. எல்லோரும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, யாரோ ஒன்று இரண்டு எண்ண, மூன்றில் தள்ளினார்கள். படகு சேற்றை விட்டு வழுக்கிக்கொண்டு மிதந்தது. வால்தெமார் கால் இடறிக் குப்புற விழுந்து, நண்டு ஒன்றோடு எழுந்தார்.

அதன் பிறகு யாரும் ஏறவில்லை. ஏறினால் மறுபடி தட்டும். பெட்டியும் சுக்கான் பிடித்த மாமாவும் மட்டும் மேலே. மற்றவர்கள் இருபுறமும் படகைத் தொட்டபடி தண்ணீரில் நடந்தார்கள். காட்டுக்குள் ஏதோ குரங்கு உறுமியது. காலுக்கடியில் மீன் ஓடியது. பெண்களில் ஒருத்தி பஸ்ஸில் பாடிய பாட்டையே மெதுவாக எடுத்தாள், சாவுக்குப் பொருத்தமே இல்லாத காதல் பாட்டு. எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். கையில் மண்வெட்டியோடு கரையில் காத்திருந்த பூங்காக் காவலர், குழியை வெட்டி முடித்துவிட்டு இதைத்தான் பார்த்தார்: பெரிய கூட்டம் ஒன்று பாடிக்கொண்டே கழியை நடந்து கடந்து வருகிறது, நடுவில் அனிசியோ மிதந்து வருகிறார். காவலர் தொப்பியைக் கழற்றினார்.

அப்பாவைப் பார்த்துப் பார்த்து ஜாசிராவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அம்மாவின் வலது கைப் பக்கம், கிளிஞ்சல் எல்லைக்குள், குழி அளவாக இருந்தது. ஒவ்வொருவரும் பிடி மண் போட்டார்கள். உயிரோடு பார்த்தே இராதவருக்காக இரண்டு பெண்கள் வாய் விட்டு அழுதார்கள். மாமா ஏதோ சொல்ல வாயெடுத்து, “சரி மச்சான்” என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட்டார். காவலர் புதுச் சிலுவையை நட்டு, கல்லால் தட்டி இறுக்கினார்.

இனி நீர் ஏறும்வரை எங்கேயும் போக முடியாது. கோயில் படியில் தூக்குகள் திறந்தன. பொரித்த கோழி, வறுத்த மரவள்ளி மாவு, வாழைப்பழம். காவலர் எங்கிருந்தோ ஒரு புட்டி கரும்புச் சாராயம் கொண்டுவந்தார். ஈரத் துணிகளைக் கழற்றிப் பிழிந்து, வெயில் விழும் இடமாகப் பார்த்துப் போட்டார்கள். காலுறைகள், தொப்பிகள், பாவாடைகள் என்று பழைய கல்லறை முழுக்கக் கொடி கட்டினாற்போல் ஆகிவிட்டது.

ஜாசிரா குழி மேட்டைக் கையால் நிரவிவிட்டு நிமிர்ந்தபோது, அம்மாவின் சிலுவையில் ஒரு பெரிய காற்சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. இவோனியும் அதே நேரத்தில் பார்த்துவிட்டாள்.

“வால்தெமார், உனக்கு அறிவிருக்கா? எங்க போட்டிருக்க பாரு.”

இடுப்பில் மேசைவிரிப்பைச் சுற்றிக்கொண்டு அவர் ஓடி வந்தார். முகமெல்லாம் சிவந்துவிட்டது. “தெரியாம போட்டுட்டேம்மா. வெயிலு இங்கதான் நல்லா விழுந்துச்சு. இதோ எடுத்துடறேன்.”

“இருக்கட்டும்,” என்றாள் ஜாசிரா. “காயட்டும்.”

தோளில் கிடந்த தன் ஈரச் சால்வையை எடுத்துப் பிழிந்து, உதறி, பக்கத்துப் புதுச் சிலுவையில் விரித்துப் போட்டாள்.