துண்டிப்பு: இல்லை

காலை ஐந்தரைக்கு எழுந்தேன். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். கைப்பேசியை சார்ஜில் போட்டேன். டீ போட்டுக் குடித்தேன். டம்ளரைக் கழுவி வைத்தேன். ஐந்து ஐம்பதுக்கு இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி ஒரு சட்டையைத் தேய்த்தேன். ஆறு மணிக்குக் கரன்ட் போய்விடும். இரண்டு வருடங்களாக எங்கள் தெருவில் ஆறு மணிக்குத்தான் போகிறது. மின்வெட்டுப் பட்டியலை எழுதுகிறவன் நான் என்பதால் எனக்கு அதில் சந்தேகம் வந்ததே இல்லை.

ஆறு மணி ஆயிற்று. போகவில்லை.

போகாது என்பதும் தெரிந்ததுதான். இன்றைய பட்டியலை நேற்று வெறுமையாக விட்டுக் கையெழுத்துப் போட்டவனும் நான்தான். ஆனால் கை பழக்கத்தில் காத்திருந்தது. இன்னொரு சட்டையைத் தேய்த்தேன். பிறகு பேன்ட். பிறகு தலையணை உறைகள். ஆறே காலுக்கு வீட்டில் ஒரு கைக்குட்டைதான் மிச்சம். அதையும் தேய்த்தேன்.

மாமியாரிடமிருந்து போன் வந்தது.

“மாப்ள, என்ன ஆச்சு? கரன்ட் போகவே இல்லையே! எங்கயாவது ரிப்பேரா?”

“ரிப்பேர் இல்ல அத்தை. இன்னையிலேர்ந்து வெட்டு கிடையாது. ரேடியோல சொன்னாங்களே.”

“சொன்னாங்கதான். சொன்னபடியே நடந்தா பயமா இருக்காதா?”

அவர் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். மோட்டார் வைத்த தையல் மெஷின் ஒன்று வைத்திருக்கிறார். அதுதான் பிழைப்பு.

“நான் வேற அறுபது யூனிஃபார்ம் ஒத்துக்கிட்டேன் மாப்ள. நாளைக்குக் காலைல ஸ்கூல் திறக்குது. உங்க அமைச்சரை நம்பித்தான்.”

“எங்க அமைச்சர் இல்ல அத்தை.”

“கரன்ட் ஆபீஸ்ல இருக்கீங்கல்ல, அப்ப உங்க அமைச்சர்தான். நடுவுல போச்சு, உங்களத்தான் திட்டுவேன். இப்பவே சொல்லிட்டேன்.”

வைத்துவிட்டார். பின்னணியில் மெஷின் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது.

ஆட்சி மாறி நான்கு மாதம். பழையவர்கள் போகும்போது நிலக்கரி வாங்கக்கூடக் கஜானாவில் ஒன்றும் வைத்துவிட்டுப் போகவில்லை. என்னோடு கல்லூரியில் படித்த நாற்பது பேரில் முப்பத்தொரு பேர் நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள். முதல் தேதியிலிருந்து மின்வெட்டு இல்லை என்று புதிய அமைச்சர் அறிவித்தபோது ஊரே சிரித்தது. பிறகு ஒரு கப்பல் நிலக்கரி வந்து சேர்ந்தது. அனல்மின் நிலையத் தொழிலாளர்கள் இரண்டாம் யூனிட்டைக் கழற்றி, அந்தப் பாகங்களை வைத்து மூன்றாம் யூனிட்டை ஓட்டிக் காட்டினார்கள். ஊர் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பார்க்கத் தொடங்கியது. நான் சிரிக்கவும் இல்லை, நம்பவும் இல்லை. என் மனைவி இறந்து ஏழு மாதம். எண்களைப் படிப்பேன், எண்களை எழுதுவேன். அது போதுமானதாக இருந்தது.

மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட். மண்டலக் கட்டுப்பாட்டு அறை என்பது ஒரு சுவர் நிறைய விளக்குகளும், இரண்டு மேசைகளும், மத்தியக் கட்டுப்பாட்டு அறைக்கு நேராகப் பேசும் ஒரு போனும். சுவரின் நடுவில் ஒரு சிவப்பு எண், மின்சாரத்தின் அதிர்வெண். அது ஐம்பதில் நிற்க வேண்டும். உற்பத்தியைவிட ஜனங்கள் எடுப்பது அதிகமானால் இறங்கும். 49.20-க்குக் கீழே போனால் ரிலே தானாகவே ஒரு ஃபீடரை, அதாவது ஒரு பகுதிக்குப் போகும் மின்பாதையை, துண்டித்துவிடும். எது முதலில் என்று அதற்குள் அமைத்து வைத்திருக்கிறோம். ஒன்பது.

ஒன்பதாம் ஃபீடர் என்றால் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். அங்கே பெரிய மருத்துவமனை இல்லை, அதிகாரிகள் குடியிருப்பு இல்லை. யாரையாவது போனில் கூப்பிட்டு மிரட்டக்கூடிய ஆள் இல்லை. அதனால் எப்போதும் ஒன்பது.

எங்கள் அறைக்கும் புகார் அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடிதான். அந்தப் பக்கம் மூன்று பெண்கள், நான்கு போன். என் மனைவி அங்கேதான் இருந்தாள். நான் சேர்ந்த இரண்டாவது வாரம் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே போன் செய்தாள். “ஏன் சார் எப்பவும் ஒன்பது?” ஒரு வருடம் கழித்து அவளைக் கல்யாணம் செய்துகொண்டேன். ஒன்பதுதான் அதற்குப் பிறகும் முதலில் போயிற்று.

இன்று புகார் அறையில் போன் ஓயவில்லை. எல்லாம் ஒரே புகார்: கரன்ட் ஏன் போகவில்லை?

“சார், ஒருத்தர் லிஃப்ட் முன்னாடி அரை மணி நேரமா நிக்கிறாராம்,” என்று கண்ணாடியைத் தட்டிச் சொன்னாள் எஃப்.எம். புகார் அறையின் இளையவள். நிறுத்தாமல் பேசுவதால் அந்தப் பெயர். “ஏறலாமா வேணாமான்னு கேக்கறார்.”

“ஏறச் சொல்லு.”

“நீங்க ஏறுங்க சார், நடுவுல நின்னா நானே வந்து தள்றேன்!” என்று போனில் கத்தினாள். மூவரும் சிரித்தார்கள். அந்த அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டுப் பல நாள் ஆகியிருந்தது.

எங்கள் மேற்பொறியாளர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு ‘ஐயையோ’ என்று பெயர். எந்தச் செய்தியையும் அந்தச் சொல்லோடுதான் வாங்கிக்கொள்வார். இரண்டு மகன்களும் வெளிநாட்டில். “இந்த நாடு உருப்படாதுப்பா” என்பதை வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிற மாதிரி தினமும் ஒரு முறை சொல்லிவிடுவார்.

“பகல்ல யாரு வேணா ஓட்டலாம்,” என்றார். “ஆறரை ஆகட்டும். ஊரே ஒண்ணா சுவிட்ச் போடும். அப்ப தெரியும்.”

ஆறரை ஆயிற்று. ஊரே ஒன்றாக சுவிட்ச் போட்டது. வெட்டு இல்லை என்ற சந்தோஷத்தில் தேவைக்கு மேலேயே போட்டது. எண் 49.81. பிறகு 49.66. 49.52.

மத்திய அறையின் போன் அடித்தது.

“உங்க மண்டலம் பதினாலு மெகாவாட் கூட இழுக்குது. கால் மணி நேரம் தர்றேன். குறைங்க, இல்லன்னா ஒரு ஃபீடரை எடுங்க.”

“ஐயையோ,” என்றார் மேற்பொறியாளர். நெற்றியைத் தேய்த்தார். “எடுத்துடுப்பா. ஒன்பது. சத்தம் போடாம எடுத்துடு. ஒரு மணி நேரம்தானே? பேப்பர்காரனுக்குத் தெரியறதுக்குள்ள போட்டுடலாம்.”

சுவிட்ச் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இரண்டு வருடங்களில் அதைப் பலநூறு தடவை திருப்பியிருப்பேன். இன்றைக்குத் திருப்பினால் நாளைக் காலை ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். முதல் நாளே வாக்குத் தவறியவர்கள் என்பார்கள். இன்னொரு நாற்பது பேர் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிப்பார்கள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் பாதி தைத்த சட்டையோடு உட்கார்ந்திருப்பாள்.

“பத்து நிமிஷம் குடுங்க சார்,” என்றேன்.

“எதுக்கு?”

எழுந்து புகார் அறைக்குப் போனேன். ஏழு மாதத்தில் அந்தக் கதவைத் தாண்டியதில்லை.

“நமக்குப் போன் பண்ணித் திட்டுவாங்கல்ல, அவங்க நம்பரெல்லாம் இருக்கா?”

எஃப்.எம் என்னை ஒரு விநாடி பார்த்தாள். பிறகு கீழ் இழுப்பறையைச் சடாரென்று இழுத்தாள். பதினோரு நோட்டுகள். எல்லாம் என் மனைவியின் கையெழுத்து. பெயர், நம்பர், என்ன தொழில், கரன்ட் எத்தனை மணிக்கு வரும் என்று அவள் சொன்னாள், சொன்னபடி வந்ததா. ஓரத்தில் சிறிய எழுத்தில் குறிப்புகள்.

‘வார்ப்பட ஆலை. இரும்பை ஊற்றி முடித்த பிறகு உலை ஒரு மணி நேரம் சும்மாதான் எரியும். நியாயஸ்தர்.’

‘குளிர்பதனக் கிடங்கு. கதவைத் திறக்காவிட்டால் நான்கு மணி நேரம் தாங்கும். அவரே வாய் தவறிச் சொன்னது.’

‘நீரேற்று நிலையம். தொட்டி ஐந்துக்கே நிரம்பிவிடும். சோம்பேறி. மோட்டாரை நிறுத்த மாட்டார்.’

‘ஐஸ் ஃபேக்டரி. கத்துவார். மூன்றாவது நிமிடம் அடங்குவார்.’

“பெரிய லோடா பாத்து ஆளுக்கு ஒரு நோட்டு,” என்றேன். “எட்டரை வரைக்கும் நிறுத்தச் சொல்லிக் கேளுங்க. நம்ம எடுக்கக் கூடாது. அவங்களா நிறுத்தணும்.”

“கெஞ்சப் போறீங்களா?” ஐயையோ வாசலில் நின்றிருந்தார். “ரெண்டு வருஷமா வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்ட ஜனங்ககிட்டயா?”

மூன்று பேரும் நம்பரை அழுத்திக்கொண்டிருந்தார்கள். காலியாக இருந்த நாற்காலியில் நான் உட்கார்ந்து வார்ப்பட ஆலைக்குப் போன் போட்டேன்.

“யாரு தம்பி? அந்தம்மா இல்லையா?”

“அவங்க இல்ல சார். தவறிட்டாங்க. நான் அவங்க வீட்டுக்காரர்.”

உலை இரைகிற சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி விஷயத்தைச் சொன்னேன்.

“எத்தனை மணி வரைக்கும்?”

“எட்டரை.”

“அந்தம்மா எட்டரைன்னா எட்டரைதான். நீங்க எப்படி?”

“நானும் எட்டரைதான் சார்.”

“நிறுத்தறேன். பக்கத்துல இன்னும் மூணு உலை இருக்கு. அவனுங்க கிட்டயும் நானே சொல்றேன், உங்களுக்கு மரியாதை தர மாட்டானுங்க.”

கண்ணாடி வழியாக எண்ணைப் பார்த்தேன். 49.31. அங்கேயே நின்றது. 49.30. 49.33.

“தண்ணித் தொட்டி நிறுத்திட்டாரு!” என்று ஒருத்தி கத்தினாள். “தொட்டி வழியறது உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டாரு சார், பயந்துட்டாரு!”

“கிடங்கு ஓகே!”

“ஜவுளி மில் ஒரு ஷெட் நிறுத்தறாங்களாம்!”

“எவ்வளவு ஆச்சு?” என்று கேட்டது ஐயையோ. அவரே சுவிட்ச் மேசையில் உட்கார்ந்து கூட்டிக்கொண்டிருந்தார். “ஒன்பதரை வந்திருக்குப்பா! இன்னும் நாலரை!” சட்டென்று தன் கைப்பேசியை எடுத்தார். “ஏய், ஏசியை நிறுத்து. ஆமா, ரெண்டையும். எதுக்கா? நாட்டுக்குத்தான்டி! சொன்னதைச் செய்யி!”

எனக்கு இதயம் அடித்துக்கொள்வது காதில் கேட்டது. பழைய ஒரு சத்தம் மாதிரி இருந்தது.

எஃப்.எம் ஐஸ் ஃபேக்டரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாவது நிமிடம் தாண்டியும் மனிதர் அடங்கவில்லை. “சார், ஒரு நிமிஷம். நான் சொல்றதைக் கேளுங்க. இங்க முன்னாடி போன் எடுத்த அக்காவை உங்களுக்குத் தெரியும்ல? அவங்க கண்ண மூடறப்ப கடைசியா என்ன சொன்னாங்க தெரியுமா? ‘என் ஃபேனை நிறுத்துங்க, அந்தக் கரன்ட் வேற ஒரு வீட்டுக்குப் போகட்டும்’னாங்க சார். அதுதான் கடைசி வார்த்தை.”

நான் திரும்பினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. போனின் அந்தப் பக்கம் ஒரு பெரிய மனிதர் மூக்கை உறிஞ்சுவது எனக்கே கேட்டது.

“நிறுத்திட்டாரு,” என்றாள், போனைப் பொத்திக்கொண்டு. “இன்னும் நாலு ஐஸ் ஃபேக்டரிக்குச் சொல்றாராம்.”

மத்திய அறை கொடுத்த கால் மணி நேரம் முடியும்போது எண் 49.74. ஐந்து நிமிடம் கழித்து 49.90. போன் அடித்தது. நான் ஓடிப்போய் எடுத்தேன். ஆமாம், ஓடினேன்.

“பதினேழு மெகாவாட் இறங்கியிருக்கு. எதை எடுத்தீங்க?”

“எதையும் எடுக்கல.”

“பொய் சொல்லாதீங்க.”

“எல்லா ஃபீடரும் ஓடுது. ஒன்பதும் ஓடுது. பாத்துக்கோங்க.”

அந்தப் பக்கம் யாரோ யாரையோ கூப்பிடுவது கேட்டது. “அப்ப எப்படி?” என்றார் மறுபடி, வேறு குரலில். “சொல்லுங்க, மத்த மண்டலத்துக்கும் சொல்றேன்.”

எட்டரைக்கு உச்ச நேரம் முடிந்தது. எட்டரை அடித்ததும் வார்ப்பட ஆலைக்கு நானே போன் செய்து உலையைப் போடலாம் என்றேன். பதிவேட்டைத் திறந்தேன். ‘துண்டிப்பு’ என்ற கட்டத்தில் இரண்டு வருடங்களாக எண்கள்தான் எழுதியிருக்கிறேன். ‘இல்லை’ என்று எழுதினேன். ஐயையோ பக்கத்தில் வந்து நின்று அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். நாடு உருப்படுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “நாளைக்கு நோட்டையெல்லாம் மதியமே எடுத்து வெச்சுடுங்கப்பா,” என்றார்.

மாமியாருக்குப் போன் செய்தேன்.

“நாப்பத்தெட்டு முடிச்சுட்டேன் மாப்ள. இப்பப் பேசாதீங்க, காலர் போட்டுக்கிட்டு இருக்கேன்.” வைத்துவிட்டார்.

எஃப்.எம் கதவருகில் வந்து நின்றாள்.

“சார். ஐஸ்காரர்கிட்ட நான் சொன்னது... நானா அடிச்சு விட்டேன். அக்கா கடைசியா ஃபேனைப் பத்தி ஏதோ சொன்னாங்கன்னு உங்க மாமியார் ஒரு தடவை சொன்னாங்க. அவங்க வார்டுக்கு வெளில இருந்தாங்களாம், சரியா கேக்கலயாம். மீதியை நான் சேத்துட்டேன். தப்புதான் சார்.”

“தப்பில்ல.”

“உண்மையிலேயே என்ன சொன்னாங்க?”

ஏழு மாதத்தில் யாரும் என்னிடம் இதைக் கேட்கவில்லை. நான் மட்டும்தான் அப்போது உள்ளே இருந்தேன்.

“‘ஃபேனை நிறுத்து, குளிருது’ன்னா. எழுந்து போய் சுவிட்ச்ல கை வெச்சேன்.”

“அப்புறம்?”

“‘இல்ல, இருக்கட்டும். உனக்கு வேர்க்குது.’”