வெள்ளிக்கிழமைப் பிரதி

குடும்பத்தில் அவனுக்கு ‘நகல்’ என்று பெயர். வைத்தவள் அக்கா மகள் குருவி. எதைக் கண்டாலும் மாமா இன்னொன்று எடுத்து வைத்துக்கொள்வார் என்று எட்டு வயதில் அவள் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. பொய்யில்லை. அவன் வீட்டுச் சாவிக்கே நான்கு பிரதிகள் இருந்தன.

ஒரு பொறியியல் கல்லூரியின் கணினிக்கூடம் அவன் பொறுப்பில் இருந்தது. நாற்பது கணினிகள். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் ஒரு கணினியை ஒழுங்காகத் தயார்செய்து, அதன் ஹார்ட் டிஸ்க்கை மற்ற முப்பத்தொன்பதிலும் அச்சு அசலாக இறக்குவான். இதற்கென்று கல்லூரி சாஃப்ட்வேர் எதுவும் வாங்கித் தராது. இலவசமாகக் கிடைப்பதை வைத்துத்தான் வண்டி ஓடியது. தொண்ணூறு சதவீதம் வரை சமர்த்தாக ஓடிவிட்டு, மீதிக்குக் கட்டணப் பதிப்புக்கு வா என்று கையை விரிப்பது ஒரு ரகம். பெரிய டிஸ்க்கிலிருந்து சின்ன டிஸ்க்குக்கு என்றால் மாடு மாதிரி முரண்டு பிடிப்பது இன்னொரு ரகம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக நாலு வார்த்தை பேசிவிட்டு, சொன்ன வேலையை முடிப்பது மூன்றாவது ரகம். அதுதான் அவனுக்குச் செல்லப்பிள்ளை.

ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாமே ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். ஆரம்பிக்கும் முன் கேட்கும்: இந்த டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா? ‘ஆம்’ என்று தட்டினால்தான் நகரும். பருவத்துக்கு முப்பத்தொன்பது ஆம். பத்தொன்பது வருடங்கள். கேள்வி திரையில் வந்து சேரும் முன்பே அவன் விரல் பதில் சொல்லிவிட்டிருக்கும்.

அக்கா பள்ளிக்கூடத்தில் விலங்கியல் ஆசிரியை. குருவிக்கு நான்கு வயதாகும்போதே அக்கா புருஷன் பிரிந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் படம் எடுக்க ஒரே கைதான், அக்காவின் கை. குருவி பல் விழுந்தது, குருவி சைக்கிளிலிருந்து விழுந்தது, குருவி விழாமல் நின்றது என்று எல்லாவற்றையும் எடுத்தாள். லேப்டாப்பில் ‘குருவி’ என்ற ஃபோல்டரில் எட்டாயிரத்துக்கு மேல் படங்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் கல்லூரி முடிந்ததும் நகல் தன் வெளி டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போவான். சாப்பிடுவான். லேப்டாப்பைப் பிரதி எடுப்பான். அதற்கும் ஓர் இலவச சாஃப்ட்வேர்தான். லேப்டாப்பையும் டிஸ்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும். இங்கே புதிதாக வந்தது அங்கேயும் சேரும், பச்சை வரி. இங்கே இல்லாமல் போனது அங்கேயும் போகும், சிவப்பு வரி. அழிப்பதைத் தனியே ஒதுக்கி வைக்கவும் அதில் வழி உண்டு. இடம் அடைக்கிறதென்று அந்தக் கட்டத்தில் இருந்த டிக்கை அவன் என்றோ எடுத்துவிட்டான்.

“நீ எதைத் தொலைச்சாலும் என்கிட்ட ஒண்ணு இருக்கும்க்கா,” என்று பையைத் தட்டிக்கொண்டே சொல்வான். சாப்பாட்டுக்குக் கைமாறு மாதிரி அதை வாராவாரம் சொல்வான்.

ஒன்றரை வருடத்துக்கு முந்தைய ஒரு வெள்ளிக்கிழமை அவன் போனபோது அடுப்பு மூட்டியிருக்கவில்லை. அன்று காலைதான் குருவி வங்கி வேலையை உதறிவிட்டு, ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுவில் மேடை விளக்கு அமைக்கிற வேலைக்குப் போய்விட்டாள். “மேடை ஏறினாலாவது நாலு பேர் பாப்பாங்க. இவ ஏணி ஏறப் போறாளாம்,” என்று ஆரம்பித்த அக்கா, கொஞ்ச நேரத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதாள். வாசலில் நின்று குருவி கடைசியாகச் சொன்னதுதான் அவளை அறுத்தது. நீ நெனச்ச மாதிரி நான் இல்லேன்னா, நான் இல்லவே இல்லேன்னு ஆக்கிடுவேம்மா நீ.

நகல் டிஸ்க்கைச் சொருகியபடியே ஆறுதல் சொன்னான். வயசுக் கோபம், வந்துடுவா, நீ முதல்ல தண்ணியைக் குடி. திரையில் ஏதோ சிவப்பாக வந்தது. அக்கா முகத்தைத்தான் அவன் பார்த்துக்கொண்டிருந்தான். விரல் ஆம் என்றது.

அப்புறம் எழுபது சொச்சம் வெள்ளிக்கிழமைகள். ஒவ்வொன்றிலும் ‘பிரதி முடிந்தது, பிழை ஏதுமில்லை’ என்று செய்தி வந்தது. அவனும் நம்பினான்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை அக்கா ஃபோன் செய்தாள். குரல் இருபது வயது குறைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை குருவி வருகிறாள், நான்கு நாள் இருப்பாளாம். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. சின்ன வயதுப் படங்களையெல்லாம் ஒரு பென்டிரைவில் போட்டு வைக்க வேண்டும். அப்புறம் அக்கா குரலைத் தாழ்த்தினாள். குருவி போன அன்றைக்குக் கோபத்தில் தானே அந்த ஃபோல்டரை அழித்துவிட்டாளாம். குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டாளாம்.

“அவகிட்ட மட்டும் சொல்லிடாதேடா. நான் அவளை இல்லாம ஆக்கினது அவளுக்குத் தெரியவே கூடாது. உன்கிட்ட இருக்குல்ல, கொண்டாந்து வெச்சிடு.”

எந்த வெள்ளிக்கிழமை என்று அவன் கேட்கவில்லை. டிஸ்க்கைச் சொருகிப் பார்த்தான். வினாத்தாள்கள் இருந்தன, பாடக்குறிப்புகள் இருந்தன, மின்கட்டண ரசீதுகள்கூட இருந்தன. குருவி இல்லை. சாஃப்ட்வேரின் பழைய பதிவேட்டைத் தோண்டினான். அந்தத் தேதி. பிரதியிலிருந்து அழிக்கப்படும் கோப்புகள்: 8,412. தொடரலாமா? ஆம். கேட்டிருக்கிறது. தெளிவாகத்தான் கேட்டிருக்கிறது.

அழிந்ததை மீட்கவும் இலவச சாஃப்ட்வேர் உண்டு. இரண்டு நாள் ஓடவிட்டான். ஆனால் காலியான அந்த இடத்தில் வாராவாரம் அவனே வேறு எதையெதையோ கொட்டி நிரப்பியிருந்தான். தேறியது அறுபத்தொரு படம். அதில் முழுசாக இருந்தது பத்தொன்பது. மீதியெல்லாம் மேலே பாதி குருவி, கீழே பாதி சாம்பல் நிறம்.

வியாழக்கிழமை நேரில் போய் அக்காவிடம் சொன்னான். அடிப்பாள் என்று நினைத்தான். அவள் விடைத்தாள் கட்டை மூடி வைத்தாள்.

“உன்கிட்ட இருக்குங்கற தைரியத்துலதான்டா அழிச்சேன்,” என்றாள். “இல்லேன்னா எனக்குக் கை வந்திருக்குமா?”

பழியைத் தானே ஏற்பதாகச் சொன்னான். லேப்டாப்புக்குப் புது டிஸ்க் மாற்றும்போது கை தவறி, இரண்டு பக்கமும் போய்விட்டது என்று சொல்லலாம். மாமாவை அவள் நாலு திட்டு திட்டிவிட்டு விட்டுவிடுவாள். அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குருவி வந்தாள். முடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள். முன்கையில் சூடான விளக்கு பட்ட தழும்பு. வந்ததும் கூடத்து பல்பைப் பார்த்து, இந்த வெளிச்சத்தில் எல்லோரும் நோயாளி மாதிரி இருக்கிறீர்கள் என்றாள். அக்கா சிரித்தாள். ஒன்றரை வருடம் கழித்து அந்த வீட்டில் மூன்று தட்டு வைத்துச் சாப்பிட்டார்கள்.

சாப்பிட்ட பிறகு நகல் ஒப்பித்தான். புது டிஸ்க், கை தவறியது, இரண்டும் போனது. பத்தொன்பது படம் இருந்த பென்டிரைவை நீட்டினான்.

“வீட்டுச் சாவிக்கு நாலு காப்பி, எனக்கு ஒண்ணுகூட இல்லையா மாமா?” என்று குருவி சிரித்தாள். முகம் வாடியது, ஆனாலும் சிரித்தாள். பென்டிரைவை வாங்கி அம்மாவின் லேப்டாப்பில் சொருகினாள். படங்களைத் திறக்கும் முன் அவள் கண் பக்கத்து ஃபோல்டர்கள்மீது போனது. ஒன்றைத் திறந்தாள். தவளையின் இதயம், ஒன்பதாம் வகுப்புப் பாடம், எட்டு வருடம் பழையது. இன்னொன்றைத் திறந்தாள். கரப்பான் பூச்சி.

“தவளை பத்திரமா இருக்கு, கரப்பான் பூச்சியும் இருக்கு. குருவி மட்டும் எப்படி மாமா போச்சு?”

டிஸ்க் போனால் மொத்தமாகப் போகும். பொறுக்கி எடுத்துப் போகாது. நாற்பது கணினிக்காரனுக்கு அது தெரியாதா? பொய்யைப் பிரதியெடுக்கும் முன் சரிபார்க்க மறந்துவிட்டான்.

அக்காதான் பேசினாள். “மாமா பொய் சொல்றான். நான்தான்டி அழிச்சேன்.”

“எப்போ?”

“நீ போன அன்னைக்கு.”

தன் பிரதியிலிருந்தும் அது எப்படிப் போனது என்பதை நகல் ஒரே வாக்கியத்தில் சொன்னான். குருவி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. லேப்டாப்பை மெதுவாக மூடினாள்.

“நீ கோவத்துல அழிச்சது எனக்குப் புரியுதும்மா. நானும் உன் நம்பரைப் பத்து தடவை அழிச்சிருக்கேன்.” பென்டிரைவைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். “ஆனா ஒன்றரை வருஷமா அது இல்லேங்கறதே உங்களுக்குத் தெரியல. நான் கேட்டதாலதான் தேடியிருக்கீங்க. நடுவுல ஒரு நாள், ஒரே ஒரு நாள், ரெண்டு பேர்ல யாருக்கும் தொறந்து பாக்கணும்னு தோணலையா?”

இருக்கிறது என்று அக்கா தம்பியை நம்பினாள், இருக்கிறது என்று தம்பி டிஸ்க்கை நம்பினான். இருப்பதைப் பார்க்க ஆள் இல்லாமல் போய்விட்டது. நான்கு நாள் என்று வந்தவள் மறுநாள் காலையில் கிளம்பினாள். சண்டையில்லை. ஒத்திகை முன்னதாக வந்துவிட்டது என்றாள். போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை அனுப்பினாள்: வந்துட்டேன். பென்டிரைவ் மேசை மேலேயே இருந்தது.

இந்த வெள்ளிக்கிழமையும் நகல் அக்கா வீட்டுக்குப் போனான். டிஸ்க்கைச் சொருகினான். அக்கா ஏதோ சொல்ல வந்தாள். “ஒரு நிமிஷம்க்கா,” என்று கை காட்டிவிட்டு, திரையில் இருந்ததை ஒவ்வொரு வரியாகப் படித்தான். சிவப்பு வரி எதுவும் இல்லை. இரண்டாவது முறையும் படித்துவிட்டுத்தான் தட்டினான். முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றவில்லை. அதில் தனியே எடுத்து வைத்திருந்த அந்த அறுபத்தொன்றையும் திறந்தான்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முழுப் படங்கள் சீக்கிரம் முடிந்தன. அடுத்து வந்ததில் குருவியின் நெற்றியும் பள்ளிக்கூடக் கதவின் மேல்பாதியும்தான் இருந்தன. கழுத்துக்குக் கீழே வெறும் சாம்பல்.

நகல் அடுத்த படத்துக்கு நகர்த்தப் போனான். அக்கா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“இரு. அதுல செருப்பை இடம் வலம் மாத்திப் போட்டிருப்பா,” என்று அந்தச் சாம்பல் நிறத்தின் அடிப்பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். “இங்க.”